அறப்போரும் அடுப்பும்



துலா மாதத்தில் நாடெங்கிலுமிருந்து ஜனங்கள் வந்து நீராடும் மாயவரம் என்னும் இந்தப் பழம்பதியிலே உங்கள் முன் நின்று பேச மன்றத்தார் என்னை அழைத்தார்கள். எளிய மக்களின் அரசியல் கிளர்ச்சியைப் பற்றியும், அவர்கள் தமக்குள் செய்துகொண்ட பரஸ்பர சகாயத்தைப் பற்றியும் பேச வேண்டும் என்று எனக்குப் பணித்தார்கள். இவை வெவ்வேறு விஷயங்கள் என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். கொடி பிடிப்பது வீதியில் நடக்கும் காரியம், கஞ்சி காய்ச்சுவது வீட்டில் நடக்கும் காரியம் என்றும், முன்னது சரித்திரத்தில் எழுதத் தக்கது, பின்னது எழுத வேண்டாதது என்றும் பிரித்து வைத்துவிட்டோம். அந்தப் பிரிவினை தவறு என்று சொல்லவே இன்று வந்திருக்கிறேன். அதனால்தான் என் பேச்சுக்கு ‘அறப்போரும் அடுப்பும்’ என்று பெயர் வைத்தேன்.

1915ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி. தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பிச் சில மாதங்களே ஆகியிருந்த காந்தியடிகள் இந்த மாயவரத்துக்கு வந்தார். ஊர்ப் பெரியோர்கள் வரவேற்புப் பத்திரம் வாசித்தளித்தார்கள். பதில் சொல்ல எழுந்த அடிகளோ, தற்செயலாகத் தமக்குக் கிடைத்த வேறொரு பத்திரத்தைப் பற்றிப் பேசலானார். அது பஞ்சமர் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட மக்கள் கொடுத்தது. குடிப்பதற்குத் தண்ணீர் வசதி இல்லை, நிலம் வாங்கவும் முடியவில்லை, நியாய ஸ்தலத்துக்குப் போவதும் கடினமாக இருக்கிறது என்று அதில் அவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தக் குறையை அடிகள் ஊர்ப் பெரியோர்களின் சபையிலேயே எடுத்துவைத்தார். யோசித்துப் பாருங்கள். வாய் திறந்தால் மறுநாள் வேலை போய்விடும் என்ற நிலையில் இருந்தவர்கள் ஒன்று கூடி, தங்கள் குறையைத் தாங்களே எழுத்தில் வைத்தார்களே, இந்த ஊரின் அரசியல் சரித்திரத்தில் அதைவிடப் பெரிய சம்பவம் எத்தனை உண்டு?

அந்தப் பிரயாணத்தில் அடிகள் தில்லையாடிக்கும் சென்றார். ஏன் சென்றார்? தில்லையாடியைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரத்தில் பிறந்து, பதினாறு வயது நிரம்புமுன்னரே சத்தியாக்கிரகியாகச் சிறை புகுந்து, கொடுங்காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர் நீத்த வள்ளியம்மையின் முன்னோர் ஊர் அது. 1909இல் சிறைக் குளிரில் நோயுற்று மாண்ட சாமி நாகப்பனையும் இந்தப் பகுதி மக்கள் தம் பிள்ளையாகவே கொண்டாடுகிறார்கள். சிலை எடுத்தோம், மண்டபம் கட்டினோம், ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். எல்லாம் செய்ய வேண்டியவையே. ஆனால் ஒன்றை மட்டும் நாம் கேட்பதில்லை. சத்தியாக்கிரகிகள் சிறையில் இருந்தபோது அவர்களுடைய வீட்டில் அடுப்பு எரிந்ததா? அவர்களுடைய குழந்தைகளுக்குச் சோறு போட்டவர் யார்?

காந்தியடிகளையே வாட்டிய கேள்வி அது. தென்னாப்பிரிக்காவில் இந்தியர் போராட்டம் தொடங்கிய காலத்தில், சிறை சென்றவர்களின் குடும்பங்களுக்குத் தேவைக்கேற்ப மாதந்தோறும் பணம் கொடுத்து வந்தார்கள். போராட்டமோ ஆண்டுக்கணக்கில் நீண்டது; நிதியோ குறைந்துகொண்டே வந்தது. அப்பொழுது அவர் கண்ட வழி என்ன? எல்லாக் குடும்பங்களையும் ஓரிடத்தில் சேர்த்து, உழைப்பையும் உணவையும் பொதுவாக்கி வாழச் செய்வது. 1910இல் அவருடைய நண்பர் காலன்பாக், ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகே தமக்குச் சொந்தமான 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றிக் கொடுத்தார். டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் பெற்றது அதுதான். இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் பார்சியும் அங்கே ஒரே சமையலறையில் பொங்கி உண்டார்கள். நம்மவர்களில் பலர் அதை ஆன்மிகப் பரிசோதனை என்று மட்டும் படிக்கிறார்கள். அது ஆன்மிகப் பரிசோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னதாக அது ஒரு பொது உலை. கணவனைச் சிறைக்கு அனுப்பிய தமிழ்ப் பெண்ணுக்கு, உன் பிள்ளை பட்டினி கிடக்காது என்று கொடுத்த வாக்குறுதி.

மூன்று ஆண்டுகள் கழித்து 1913இல் நடந்ததையும் கேளுங்கள். ஒப்பந்தக் கூலிகளாகப் போய்க் கெடு முடிந்தவர்கள் மேல் நேட்டால் அரசாங்கம் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி போட்டிருந்தது. அதை நீக்கக் கோரி வேலையை நிறுத்துமாறு நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் தமிழ்ப் பெண்கள் சிலர் போய்ப் பேச, சுரங்கங்கள் நின்றன. முதலாளிகள் முதலில் என்ன செய்தார்கள்? தொழிலாளர் குடியிருந்த கொட்டடிகளில் விளக்கையும் தண்ணீரையும் நிறுத்தினார்கள். வேலை செய்யாதவனுக்கு வீடில்லை, தண்ணீரில்லை, சோறில்லை என்பதுதான் அவர்கள் விடுத்த முதல் அம்பு. மூட்டை முடிச்சுகளோடு குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வெளியேறி வந்தபோது, வாசற்கதவைத் திறந்து வைத்தவர் லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவர். அவர் தனவந்தர் அல்லர். இரண்டு மூன்று அறைகள் கொண்ட சிறிய வீடும் துண்டு நிலமும் உடையவர். காந்தியடிகளுக்கும் பெண்களுக்கும் இடம் கொடுத்தால் அரசாங்கத்தின் கோபம் தம் மேல் பாயும் என்று தெரிந்தே கொடுத்தார். அந்த வீட்டில் இரவு பகல் என்று பாராமல் அடுப்பு எரிந்ததையும், லாசரஸின் மனைவி நாள் முழுவதும் பாடுபட்டும் முகம் வாடாமல் இருந்ததையும் அடிகள் மறவாமல் எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு சார்லஸ்டவுன் என்ற நேட்டால் எல்லைச் சிற்றூரில் ஆயிரக்கணக்கானவர்க்குச் சமைக்க வேண்டியிருந்தது. சமையலுக்குத் தலைமை தாங்கியவர் காந்தியடிகளே. பருப்பில் ஒரு நாள் தண்ணீர் மிகுந்துவிடும். ஒரு நாள் வேகாமல் இருக்கும். சோறும் சில வேளை பதம் தப்பிவிடும். அவரே அகப்பையை எடுத்துப் பரிமாறுவார். இருப்பது இவ்வளவு, உண்பவர் இத்தனை பேர் என்று சொல்லுவார். ஜனங்கள் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார்கள். 1913 நவம்பர் 6ஆம் தேதி 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் எல்லையைக் கடந்து நடந்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. இவ்வளவுதான் அந்தச் சேனையின் உணவு. மறு ஆண்டு மூன்று பவுன் வரி ஒழிந்தது.

ஆகவே நண்பர்களே, பசி என்பது ஆளுகிறவர்கள் கையில் எடுக்கும் முதல் ஆயுதம். போலீஸ் வருவதற்கு முன்னே பசி வருகிறது. சிறைக்கதவு திறப்பதற்கு முன்னே அரிசிப்பானை காலியாகிறது. அந்த முதல் ஆயுதத்துக்கு எதிர் ஆயுதம் வைத்திருக்கிற மக்களே மற்ற ஆயுதங்களை எதிர்கொள்ள முடியும். அந்த எதிர் ஆயுதம் அண்டை வீட்டுக்காரியின் பானையில் இருக்கிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பசித்தவனுக்குச் சோறிடுவது நம் நாட்டில் என்றும் உள்ள தர்மந்தானே, இதில் என்ன அரசியல் என்று கேட்கலாம். அந்தத் தர்மத்துக்கு இதே ஊரில் ஓர் உத்தம உதாரணம் உண்டு. இவ்வூரில் முன்சீப்பாக இருந்தவரும், தமிழில் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை 1879இல் வெளியிட்டவருமான வேதநாயகம் பிள்ளை, தாது வருஷத்துப் பெரும் பஞ்சத்தில் தம் சொந்தப் பொருளைக் கொண்டு கஞ்சித்தொட்டிகள் வைத்து ஏழைகளைக் காத்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாடிப் போற்றினார். நானும் அந்தப் பெருமகனைக் கைகூப்பித் தொழுகிறேன். ஆனால் அது ஒரு கருணையாளர் பலருக்குக் கொடுத்தது. அவர் இருந்தவரை அது இருந்தது. நான் பேசுவது, இல்லாதவர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுத்ததைப் பற்றி. வாங்குகிறவன் நாளை கொடுக்கிறவன் ஆவான். ஆகையால் அங்கே யாரும் யார் முன்னும் தலை குனிந்து நிற்க வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. பழங்காலத்துக் கூட்டுழைப்பு என்றவுடன் நம் பேச்சாளர்கள் குடிமராமத்தைப் புகழ்வது வழக்கமாகிவிட்டது. வாய்க்காலை ஊரார் சேர்ந்து தூர் வாரினார்கள் என்பது உண்மை. ஆனால் மண்வெட்டி பிடித்தவர் யார்? மிராசுதார் பெயருக்கு விழுந்த முறையைச் சேற்றில் இறங்கித் தீர்த்தவன் பண்ணையாள். 1858ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம், வழக்கப்படி வேலைக்கு வராதவனிடம் பணம் தண்டவும் வழி வகுத்தது. கட்டாயத்தின் பேரில் செய்த வேலையைப் பரஸ்பர சகாயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி நம் தஞ்சைத் தரணிக்கு வருவோம். பண்ணையாள் என்றால் யார்? மிராசுதாரின் நிலத்தில் உழைத்து, மிராசுதாரின் மனைக்கட்டில் குடிசை போட்டு, மிராசுதாரிடம் பட்ட கடனைப் பிள்ளைக்கும் விட்டுச் செல்பவன். விடியுமுன் ஏர் பூட்ட வேண்டும். நேரம் தவறினால் சவுக்கு. எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். சாணத்தைக் கரைத்து மனிதன் வாயில் ஊற்றினார்கள் என்பதை இந்த அவையில் உள்ள இளைஞர்கள் கேட்டாக வேண்டும். அவனுடைய மனைவி மாலையில் கூலி நெல்லை வாங்கி வந்து, ஈரம் போகச் சட்டியில் வறுத்து, உரலில் குத்தி, உமி போகப் புடைத்து, பிறகுதான் உலை வைக்க வேண்டும். குழந்தைகள் அதுவரை அடுப்பருகே காத்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நடவும் முடிந்து அறுப்பும் வராத நாட்களில் வயல் நண்டும் நத்தையும் வரப்புக் கீரையுமே உணவு. இப்படி அன்றாடம் அளக்கும் நெல்லை அன்றாடம் குத்தி அன்றாடம் பொங்குகிறவன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், வேலைக்கு வர மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

சொன்னான்! 1943இல் சொன்னான். தென் கன்னடப் பகுதியில் பிறந்த பி. சீனிவாசராவ் என்பவர் அந்த ஆண்டு கீழத்தஞ்சைக்கு வந்தார். கன்னடம் தாய்மொழி, பிறப்பு பிராமண குலம். சேரிக்குள் போனார், அவர்கள் உண்டதை உண்டார், அவர்கள் படுத்த இடத்தில் படுத்தார். மன்னார்குடிப் பக்கத்துத் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தோன்றியது. சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பது அவர்களுடைய முதல் கோரிக்கைகளுள் ஒன்று. ஊர் ஊராகச் செங்கொடி ஏறியது. தாக்க வந்தால் சேர்ந்து நில் என்பதைச் சங்கம் கற்றுக்கொடுத்தது என்று சரித்திரம் எழுதுகிறோம். மெய்தான். ஆனால், ஒருவனுக்கு வேலை மறுத்தால் எல்லோரும் வேலையை நிறுத்துவது என்று முடிவு செய்த அன்றே, ஒருவன் வீட்டில் உலை கொதிக்காவிட்டால் எல்லோரும் தம் உலையில் பங்கு தருவது என்ற முடிவும் அதற்குள் அடங்கிவிட்டதல்லவா? ஒன்றில்லாமல் மற்றொன்று ஒரு வாரமும் நிற்காதே!

நம் பாட்டிமார் பிடியரிசி எடுத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். நானும் என் வீட்டில் பார்த்திருக்கிறேன். எத்தனை இல்லாமை இருந்தாலும் அந்தக் கை தவறாது கலயத்தின் பக்கம் போகும். வீட்டுக்கு அரிசி போதவில்லை என்றால் கஞ்சியில் தண்ணீர் கூடுமே தவிர, கலயத்துக்குப் போகும் பிடி குறையாது. கோயில் காரியத்துக்கும் திக்கற்றவர்களுக்கும் என்று தோன்றிய இந்த வழக்கத்தின் உள்ளே இருப்பது ஒரு பெரிய அரசியல் தத்துவம் என்றே நான் கருதுகிறேன். தன் தேவை தீர்ந்து மிஞ்சியதைக் கொடுப்பது ஒரு வகை. தன் தேவையை அளக்குமுன்பே பொதுவுக்கு அளந்துவிடுவது வேறு வகை.

பெண்களைப் பற்றிப் பேசும்போது மணலூர் மணியம்மையைச் சொல்லாமல் விட முடியாது. பால விதவையாகிப் பிராமணக் குடும்பத்தின் ஆசாரங்களுக்குள் அடைபட்டவர், அந்த ஆசாரங்களை உதறி, தலைமுடியை வெட்டிக்கொண்டு, வேட்டியும் சட்டையும் அணிந்து, சிலம்பம் பழகி, சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று விவசாயத் தொழிலாளரைச் சங்கத்தில் சேர்த்தார். சேரிக் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தார். 1953இல் மான் முட்டி அவர் இறந்தார். அவருடைய வாழ்க்கையை ராஜம் கிருஷ்ணன் ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்ற நாவலாக எழுதினார். அந்த நாவலை இந்த மாவட்டத்துப் பள்ளி நூலகம் ஒவ்வொன்றிலும் நான் காண ஆசைப்படுகிறேன்.

அந்தச் செங்கொடிக்குரிய கம்யூனிஸ்டுக் கட்சி தடை செய்யப்பட்டிருந்த நாட்களில் தலைவர்கள் தலைமறைவானார்கள். அவர்களுள் வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் 1950இல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த இருண்ட நாட்களில் சங்கத்தாரை மறைத்து வைத்தது எந்தக் கோட்டை? மண்சுவரும் கீற்றுக்கூரையும் கொண்ட குடிசைகளே கோட்டை. போலீஸ் வந்து பானையைப் போட்டு உடைக்கும் என்று தெரிந்தே அதே பானையிலிருந்து அவர்களுக்குச் சோறு போட்டார்கள்.

பலன் இல்லாமலா போயிற்று? 1948இல், மாயூரம் என்றும் சொல்லப்படும் இந்த ஊரின் பெயரால் வழங்கும் ஒப்பந்தம் பண்ணையாள் கூலியை உயர்த்தியது. 1952இல், ராஜாஜி முதன்மந்திரியாக இருந்தபோது, தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகைதாரனுக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று அது வரையறுத்தது. நினைத்த மாத்திரத்தில் பண்ணையாளை வெளியேற்றுவதைத் தடுத்தது. சட்டசபையில் எழுதிய சட்டம் என்று சொல்வார்கள். வயலில் எழுதிய பிறகே சபையில் எழுதினார்கள் என்பது என் துணிபு.

ஆயினும் இந்த மண்ணில் எல்லாம் நல்லபடியாக முடியவில்லை. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவை நான் எப்படிச் சொல்வேன்? விவசாயத் தொழிலாளர்கள் அறுவடைக் கூலியில் சிறிது நெல் கூடுதலாகக் கேட்டார்கள். மிராசுதார்கள் செங்கொடியை இறக்கச் சொன்னபோது இறக்க மறுத்தார்கள். கீழ்வெண்மணியில் ராமையா என்பவருடைய சிறு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர், அதற்கு வைக்கப்பட்ட தீயில் உள்ளேயே எரிந்து மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஒருவருக்கு நேர்ந்தால் எல்லோருக்கும் என்று வாழ்ந்த ஜனங்கள், ஆபத்து வந்தபோதும் ஒரே குடிசைக்குள்தான் புகுந்தார்கள். இதற்குமேல் அதைப் பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை.

வெண்மணிக்குப் பின் இரண்டு காரியங்கள் நடந்தன. இரண்டும் நம் விஷயத்துக்கு நேரானவை. ஒன்று, 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம். குடிசை நின்ற மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்றது அது. கூலி கேட்டால் குடிசையைப் பிடுங்கு என்ற மிரட்டல் அத்தோடு பல் பிடுங்கப்பட்டது. இதைச் சிறிய சட்டம் என்று எண்ணாதீர்கள்! நியூகாசிலில் கொட்டடியை விட்டு வெளியேறியவர்களை நினைத்துப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும்.

மற்றொன்று, கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இப்பகுதிக்கு வந்து தங்கியது. தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் 1926இல் பிறந்த அந்த அம்மையார், வசதியான குடும்பத்தைத் துறந்து வந்த சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதனை 1950இல் மணந்தார். வெண்மணிச் செய்தி கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. 1981இல் உழுகிறவர்களுக்கு நிலம் தேடித் தருவதற்காக ‘லாஃப்டி’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முறை எளிது. விற்க விரும்பும் நிலச்சொந்தக்காரரிடம் போய்ப் பேசுவார்கள். வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்வார்கள். பத்திரச் செலவுக்கு அரசாங்கத்திடம் விலக்குக் கேட்டு வாங்குவார்கள். குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்ற அளவில் பெண்ணின் பெயரில் பதிவு செய்வார்கள். விளைச்சலிலிருந்து கடனை அடைப்பார்கள். தனியொருத்தியை நம்பி எந்த வங்கி கடன் கொடுக்கும்? ஊர்ப் பெண்கள் கூட்டாக நின்றபடியால் கொடுத்தது. இவ்விதம் ஆயிரக்கணக்கான ஏக்கர் கைமாறியது. செங்கொடிக்காரரும் சர்வோதயக்காரரும் தத்துவத்தில் வேறுபட்டவர்கள். நடுவே பூசலும் உண்டு. ஆனால் இருவரும் காலூன்றிய மண் ஒன்றே, அந்தச் சேரிப் பெண்களின் ஒற்றுமை.

தொண்ணூறுகளில் சீர்காழி முதல் வேதாரண்யம் வரை கடலோர வயல்களில் இறால் பண்ணைகள் வந்தன. உப்புநீர் பரவிக் குடிநீர் கெட்டது. வயல் கெட்டதால் கூலி வேலையும் போயிற்று. வயது எழுபதைத் தாண்டிய ஜெகந்நாதன் அந்தப் பெண்களோடு வரப்பில் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்தார். டெல்லி வரை சென்று வழக்காடினார். 1996 டிசம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் இருந்த பண்ணைகளை அகற்ற வேண்டும் என்றும், விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. 1915இல் நியாய ஸ்தலத்துக்குப் போவதே கடினம் என்று எழுதிக் கொடுத்தவர்களின் பேத்திமார் நாட்டின் மிகப் பெரிய நியாய ஸ்தலம் வரை போய் வென்றார்கள்!

இன்று நிலைமை என்ன? 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் ஏறக்குறைய 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வயலும் வீதியும் ஒரே வெள்ளக்காடாயின. நிவாரணப் பணம் பின்னால் வந்தது. முதலில் வந்தது பக்கத்துத் தெருவின் சோறு. அப்படிச் சேர்ந்து பொங்கிய கைகள் வெள்ளம் வடிந்ததும் பிரிந்துபோக வேண்டிய அவசியம் என்ன? கிராம சபை இருக்கிறது. பெண்களின் சுய உதவிக் குழு இருக்கிறது. தூர் வாராத வாய்க்காலுக்காகவும் கொள்முதல் நிலைய வாசலில் நனையும் நெல்லுக்காகவும் அதே கைகள் அங்கே சேர்ந்து உயரலாமே!

இளைஞர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். போராட்டத்தில் சிறை சென்றவர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறோம். வேலைநிறுத்த நாட்களில் பொங்கிப் போட்டவர்களின் பெயர்களை யாரும் எழுதவில்லை. அவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். எண்பதும் தொண்ணூறும் ஆகிவிட்டன. எந்த வீட்டில் அடுப்பு மூட்டினார்கள், நெல் எங்கிருந்து வந்தது, யார் குத்தினார்கள், யாருக்கு முதலில் பரிமாறினார்கள், எத்தனை நாள் தாக்குப் பிடித்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லுகிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். இந்த மண்டபத்தின் பின்வரிசையிலும் அப்படிப்பட்ட தாய்மார்கள் வந்து அமர்ந்திருப்பதாக அவைத் தலைவர் அவர்கள் என்னிடம் சொன்னார்கள். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் மீதமிருப்பதை அவர்களுக்குத் தருகிறேன். அவர்கள் மேடைக்கு வந்து பேச வேண்டும் என்று மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.